கொழும்பு மாணவர் விடுதிகளுக்கு வைஃபை: திட்டமிடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பல்கலைக்கழக விடுதிப் பொறுப்பாளர்கள், கணக்குப் பிரிவினர், மாணவர் சங்கத்தார், வெள்ளவத்தையில் வீட்டு மாடியைக் கம்பஸ் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் என எல்லோரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சுவரிலோ கூரையிலோ பொருத்தி வைஃபை சிக்னல் தரும் பெட்டிக்கு அக்செஸ் பொயின்ட் என்று பெயர். கீழே அதை 'ஏபி' என்றே எழுதியிருக்கிறேன்.

இணைய இணைப்பின் வேகத்தை இரண்டு மடங்காக்கிவிட்டோம். இரவில் இன்னும் இழுபடுகிறது. ஏன்?

குறை பெரும்பாலும் இணைப்பில் இருக்காது, கட்டடத்துக்குள்ளேதான் இருக்கும். காலி வீதியை எவ்வளவு அகலமாக்கினாலும் வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் திரும்புகிற வாகனம் ஒழுங்கையின் அகலத்துக்குத்தான் போக முடியும். வைஃபையில் அந்த ஒழுங்கை, காற்றில் இருக்கும் சனல். ஒரு சனலைப் பயன்படுத்தும் கருவிகள் அனைத்தும் முறைவைத்துத்தான் பேச வேண்டும். வைஃபையின் ஆறாம் தலைமுறையான வைஃபை 6 வந்த பிறகு ஒரே நேரத்தில் சில கருவிகளுக்குச் சனலைப் பங்கிட்டுக் கொடுக்க முடிகிறது என்றாலும் அடிப்படை மாறவில்லை. பக்கத்து ஏபியும் அதே சனலில் இருந்தால் அதுவும் அதே வரிசையில்தான் நிற்கும்.

பணம் செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். இரவு பத்து மணிக்கு ஒரு லெப்டொப்பைக் கேபிள் மூலம் மாடியில் உள்ள வலையமைப்புச் சுவிட்சில் (கேபிள்களைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) நேரடியாகச் சொருகி வேகத்தைப் பாருங்கள். அதே நேரத்தில் ஓர் அறைக்குள் இருந்து வைஃபையிலும் பாருங்கள். கேபிளில் நன்றாகவும் அறையில் மோசமாகவும் இருந்தால் பெரிய இணைப்பு வாங்குவது வீண். இரண்டும் மோசம் என்றால் மட்டும் இணைப்பு வழங்கும் நிறுவனத்தோடு பேசுங்கள்.

எத்தனை கருவிகளுக்குக் கணக்குப் போட வேண்டும்?

நான்கு மாடி, மாடிக்கு 20 அறை, அறைக்கு 4 பேர் என்று ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். 320 மாணவர்கள். ஆளுக்கு ஒரு போன் நிச்சயம், பெரும்பாலோரிடம் லெப்டொப்பும் உண்டு, சிலரிடம் டெப்லெட், கைக்கடிகாரம், பழைய இரண்டாவது போன். ஆளுக்கு 2.5 என்று வைத்தால் 800 கருவிகள்.

விரிவுரை மண்டபத்துக்கும் விடுதிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் நேரம். மண்டபத்தில் கூட்டம் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுக் கலையும். விடுதியில் இரவு ஒன்பதிலிருந்து நள்ளிரவு தாண்டும் வரை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக்கு வீடியோ அழைப்பு, பதிவுசெய்த விரிவுரை, கிரிக்கெட், விளையாட்டு எல்லாம் அந்த நேரத்தில்தான். பகலில் எடுத்த சராசரியை வைத்துத் திட்டமிட்டால் இரவில் அது உதவாது.

இணைப்பின் அளவுக்கு நான் வைக்கும் கணக்கு, உச்ச நேரத்தில் ஆளுக்குச் சராசரி 2 முதல் 3 எம்பிபிஎஸ். முழு எச்டி படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் 5 எம்பிபிஎஸ் கேட்கிறது. ஆனால் எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை, போனின் சின்னத் திரைக்கு அவ்வளவு தேவையும் இல்லை. அதனால் 320 பேருக்கு 1 ஜிபிபிஎஸ் இணைப்பு தாராளம், 600-700இலும் சமாளிக்கலாம்.

ஐபி முகவரிகளையும் (வலையமைப்பு ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கும் எண்) மறந்துவிடாதீர்கள். வீட்டு ரவுட்டர்களில் வழக்கமாக வரும் அமைப்பில் 254 முகவரிகள்தான். 800 கருவிகள் உள்ள கட்டடத்தில் அது எட்டு மணிக்கே தீர்ந்துவிடும். சிக்னல் முழுதாகக் காட்டும், இணையம் மட்டும் வராது; மாணவர்கள் ஏபியைத் திட்டுவார்கள். 2046 முகவரிகள் தரும் வலையமைப்பாக வையுங்கள், முகவரி கொடுக்கும் கால அளவையும் சில மணித்தியாலங்களாகக் குறையுங்கள்.

நடைபாதைக் கூரையில் வரிசையாக ஏபி வைத்தால் போதாதா? கேபிள் இழுப்பதும் சுலபம்.

சுலபம்தான். அதனால்தான் பெரும்பாலான விடுதிகளில் அப்படி இருக்கிறது, பெரும்பாலான முறைப்பாடுகளும் அங்கிருந்துதான் வருகின்றன.

நீண்ட நடைபாதையில் ஏபிகளுக்கு நடுவே சுவரே கிடையாது. ஒரு முனையில் உள்ள ஏபி மறுமுனையில் உள்ளதைத் தெளிவாகக் கேட்கிறது. ஒரே சனலில் இருந்தால் ஒன்று பேசும்போது மற்றது வாய்மூடி நிற்க வேண்டும். மறுபக்கம், சிக்னல் உண்மையில் தேவைப்படும் அறைக்குள் அது சுவரைச் சாய்வாகத் துளைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பல விடுதிகளில் கதவுப் பக்கச் சுவரை ஒட்டித்தான் இரும்பு அலுமாரிகள் நிற்கும், குளியலறை இணைந்த அறைகளில் குழாய்களும் ஓடுகளும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். கட்டில்களோ ஜன்னல் பக்கம். ஆக நடைபாதையில் நடப்பவருக்கு அருமையான வைஃபை, கட்டிலில் படுத்திருப்பவருக்கு ஒரு கோடு.

10 டெசிபெல் இழப்பு என்றால் சக்தி பத்தில் ஒன்றாகிவிடும், 20 என்றால் நூறில் ஒன்று. கறுவாத்தோட்டப் பக்கத்துப் பழைய கட்டடங்களின் தடித்த செங்கற் சுவர்களும் புதிய தொடர்மாடிகளின் கம்பி போட்ட கொங்கிறீட் தளங்களும் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை (வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒன்று) இப்படித்தான் தின்கின்றன.

சரி, ஏபியின் சக்தியைக் கூட்டினால் என்ன என்று உடனே கேட்பார்கள். கூட்டலாம், ஆனால் போனின் சக்தியைக் கூட்ட முடியாது. ஏபி சொல்வது போனுக்குக் கேட்கும், போன் பதில் சொல்வது ஏபிக்குக் கேட்காது. திரையில் நாலு கோடு காட்டிக்கொண்டே வட்ஸ்அப் செய்தி போகாமல் சுற்றுவது இதனால்தான். 5 கிகாஹெர்ட்ஸில் ஏபியின் சக்தியை 12 முதல் 15 டிபிஎம் (சிக்னல் சக்தியை அளக்கும் அலகு) அளவில், போனின் சக்திக்கு நெருக்கமாக வைப்பதே நல்லது.

ஆகவே ஏபிகளை அறைக்குள் வையுங்கள். சுவரில் சுவிட்ச் பெட்டி போலப் பொருந்தும் சிறிய ஏபிகள் இதற்கென்றே வருகின்றன. அப்படி வைத்தால், இதுவரை எதிரியாக இருந்த சுவர் பக்கத்து ஏபியின் இரைச்சலைத் தடுக்கும் நண்பனாகிவிடும்.

அப்படியானால் அறைக்கு ஒன்றா? செலவு எங்கே போய் நிற்கும்!

நடுச்சுவர் சாதாரண செங்கல் அல்லது சீமெந்துக் கல் என்றால் இரண்டு அறைக்கு ஒன்று போதும். முதல் மாடியில் ஒற்றைப்படை எண் அறைகளில் வைத்தால் இரண்டாம் மாடியில் இரட்டைப்படை எண் அறைகளில் வையுங்கள், ஒன்றின் தலைக்கு நேர் மேலே இன்னொன்று வராது. மேலே சொன்ன விடுதிக்கு 40 ஏபி, ஒவ்வொன்றிலும் சுமார் 20 கருவிகள். எந்த நல்ல ஏபியும் இதை அலட்டிக்கொள்ளாமல் தூக்கும்.

நடைபாதையில் 12 விலையுயர்ந்த ஏபி வைப்பதைவிட அறைகளுக்குள் 40 சாதாரண ஏபி வைப்பது மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விற்பனையாளர்கள் பெட்டியின் தரத்தைப் பற்றிப் பேச விரும்புவார்கள். நீங்கள் இடத்தைப் பற்றிப் பேசுங்கள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஏபி இருந்தால் கதிர்வீச்சு ஆபத்து இல்லையா? பெற்றோர் கேட்கிறார்கள்.

15 டிபிஎம் என்பது ஏறக்குறைய 32 மில்லிவோட். பிள்ளை தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கும் போனும் இதே வகை அலையைத்தான் வெளியிடுகிறது, அதுவும் தலைக்கு மிக அருகில். சர்வதேசப் பாதுகாப்பு வரம்புகளுக்கு மிகக் கீழேதான் இந்த அளவுகள். உண்மையான தொல்லை ஏபியில் மின்னும் நீல விளக்கு. அதை அமைப்பில் அணைத்துவிடுங்கள், பாதிப் பேரின் முறைப்பாடு அத்துடன் முடியும்.

2.4 கிகாஹெர்ட்ஸை வைத்திருக்க வேண்டுமா?

குறைவாக. 2.4இல் ஒன்றையொன்று மோதாத சனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. நாற்பது ஏபிகள் மூன்று சனல்களைப் பங்குபோட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி போன்ற இடங்களில் பக்கத்துத் தொடர்மாடிகளின் ரவுட்டர்களும் அதே மூன்றில்தான் நெருக்கியடிக்கின்றன. மூன்று நான்கு ஏபிகளுக்கு ஒன்றில் மட்டும் 2.4ஐ விட்டு மற்றவற்றில் அணையுங்கள். பழைய போன்களுக்கும் மலிவான பிரின்டர்களுக்கும் அது போதும்.

5 கிகாஹெர்ட்ஸில் சனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே வையுங்கள். 80 வைத்தால் பெட்டியின் விளம்பரத்தில் உள்ள பெரிய எண் வரும். ஆனால் கிடைக்கும் சனல்களின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கி ஏபிகள் ஒன்றன் காலை ஒன்று மிதிக்கும். இரண்டு அன்டனா உள்ள ஒரு வைஃபை 6 போன் 20 மெகாஹெர்ட்ஸிலேயே 286 எம்பிபிஎஸ் வரை பேசும். அதில் பாதிதான் கையில் கிடைக்கும் என்று வைத்தாலும் ஒரு மாணவருக்கு அது குறைவா?

அப்புறம், ஏபிகளை நிர்வகிக்கும் கட்டுப்பாட்டு மென்பொருளில் நாடு 'இலங்கை' என்றுதான் இருக்க வேண்டும். எந்தச் சனலில் எவ்வளவு சக்தி என்பதை அந்த அமைப்புத்தான் தீர்மானிக்கிறது. வேறு நாட்டைத் தெரிவுசெய்து சக்தியைக் கூட்டுவது சட்டத்துக்குப் புறம்பு. ரேடார்களோடு பகிரும் சனல்களும் 5 கிகாஹெர்ட்ஸில் உண்டு. ரேடார் சிக்னல் தென்பட்டால் ஏபி அந்தச் சனலை விட்டு விலகியே ஆக வேண்டும். அப்படி அடிக்கடி விலகும் சனல் எது என்பதைச் சில வாரப் பதிவைப் பார்த்துக் கண்டுபிடித்து அதை மட்டும் விலக்குங்கள். பயந்து எல்லாவற்றையும் விலக்கினால் சனல் பஞ்சம் திரும்ப வரும்.

வைஃபை 7 வாங்கட்டுமா?

மாணவர்களின் கையில் இருக்கும் போன்களைப் பாருங்கள். பெரும்பாலானவை வைஃபை 5, வைஃபை 6. இன்று வைஃபை 6 ஏபி போட்டால் ஐந்து ஆண்டுகளுக்குக் கவலையில்லை. 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்காகக் கூடுதல் விலை கொடுக்கும் முன், இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அதற்கு என்ன அனுமதி வைத்திருக்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்த மொடல் என்றாலும் ஆணைக்குழுவின் வகை அங்கீகாரம் பெற்றதா என்பதும் முக்கியம். யாராவது வெளிநாட்டிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து மலிவாகத் தருவதாகச் சொன்னால் வேண்டாம்.

சிக்னல் சர்வே எப்போது செய்வது? விடுமுறையிலா?

கேபிள் வேலை விடுமுறையில், அளவெடுப்பு ஆட்கள் இருக்கும்போது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி விடுதி காலியாகும் நாட்கள் சுவர் துளைக்க மிக வசதி. பெண்கள் விடுதி என்றால் வேலையாட்களின் பெயர்ப் பட்டியல், அடையாள அட்டை, கூட நிற்க ஒரு பெண் ஊழியர் எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடாகியிருக்க வேண்டும். இதற்கான அனுமதிக் கடிதம் கைக்கு வருவதற்குள்தான் பல திட்டங்களில் நாள் ஓடிவிடுகிறது.

ஆனால் காலிக் கட்டடத்தில் எடுத்த அளவை முழுதாக நம்பாதீர்கள். ஆட்கள், நிரம்பிய அலுமாரிகள், பக்கத்து அறை ஹொட்ஸ்பொட்டுகள் எதுவும் அப்போது இருக்காது. ஒரு ஏபியை உயரமான தாங்கியில் வைத்து, மாதிரிக்கு ஓர் அறையில் நிறுத்தி, சுற்றியுள்ள அறைகளில் மேலும் கீழும் அளந்து பாருங்கள். கட்டிலில் படுக்கும் இடத்தில் மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிட நல்ல சிக்னல் வேண்டும் (மைனஸ் 60 அதைவிட நல்லது, மைனஸ் 75 மோசம்). அன்ட்ரொய்ட் போனில் இலவசச் செயலிகள் இதைக் காட்டும். ஐபோனில் ஆப்பிளின் எயார்போர்ட் யூட்டிலிட்டி செயலியில் ஸ்கேனரை இயக்கினால் தெரியும்.

கேபிளில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஏபி ஐந்தாறு ஆண்டுகளில் மாறும், கேபிள் இருபது ஆண்டுகள் சுவருக்குள் இருக்கும். அதனால் பணத்தை இங்கே போடுங்கள். கேட் 6 வகைக் கேபிள், முழுச் செம்பு. யூனிட்டி பிளாசாவில் வாங்கினாலும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினாலும் 'முழுச் செம்பா' என்று கேட்டு, பற்றுச்சீட்டிலும் எழுதி வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சுப் போட்ட கேபிளும் சந்தையில் உண்டு. கத்தியால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பப்போகிறோம் என்பதால் இது வெறும் தர விடயம் அல்ல, சூடேறும் விடயம்.

சுவிட்சிலிருந்து ஏபி வரை 100 மீற்றருக்கு மேல் போகக் கூடாது. நீளமான கட்டடத்தில் மாடிக்கு ஒரு சுவிட்ச் பெட்டி வேண்டிவரும். சுவிட்ச் ஒவ்வொரு துறையிலும் (கேபிள் சொருகும் இடம்) 30 வோட் தரக்கூடியதா என்று பாருங்கள். 15.4 வோட் மட்டும் தரும் பழைய வகையில் புதிய ஏபிகள் சில அரைத்தூக்கத்தில்தான் வேலை செய்யும்.

ஏபியைச் சுழலும் மின்விசிறிக்கு நேர் மேலே பொருத்த வேண்டாம். இதைச் சொல்லித்தான் தெரியவேண்டுமா என்று நினைப்பீர்கள். கூரையின் நடுவில் ஏற்கெனவே துளை இருக்கிறது என்று அங்கேயே மாட்டிவிடுவார்கள்.

மின்னல், கடற்காற்று, மின்வெட்டு?

மூன்றும் கொழும்பில் உண்மையான எதிரிகள். மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பின்னேர இடியோடு வரும் மழையில் இரண்டு கட்டடங்களுக்கிடையே இழுத்த செம்புக் கேபிள் மின்னலுக்குப் போட்ட பாதை. கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் மட்டுமே. அது மின்சாரத்தைக் கடத்தாது, தூரக் கவலையும் இல்லை. சுவிட்ச் பெட்டிகளுக்குச் சரியான நில இணைப்பு இருக்கிறதா என்று மின் பொறியியலாளரைக் கொண்டு அளந்து பாருங்கள்.

கடற்கரைப் புகையிரதப் பாதையை ஒட்டிய விடுதிகளில் உப்புக் காற்று திறந்த இணைப்பிகளைச் சில ஆண்டுகளில் பச்சையாக்கிவிடும். வெளியே வைக்கும் ஏபிக்கு நீர்புகாத மூடியும் துருப்பிடிக்காத ஆணியும் வேண்டும். முடிந்தால் வெளியே வைப்பதையே தவிருங்கள்.

மின்வெட்டைப் பற்றி 2022ஐப் பார்த்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு புகுந்து நாடே இருண்டதும் நினைவிருக்கும். 20 ஏபி உள்ள ஒரு சுவிட்சுக்கு, ஏபிக்கு 12 வோட், சுவிட்சுக்கு 40 வோட் என்று போட்டால் 280 வோட். 12 வோல்ட் 100 அம்பியர்-மணி பற்றரி ஒன்று அதை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் தாங்கும். விடுதியில் ஜெனரேட்டர் இருந்தால் அது பெரும்பாலும் லிஃப்ட், தண்ணீர்ப் பம்ப், நடைபாதை விளக்கு ஆகியவற்றுக்கு மட்டும் போகும். வலையமைப்புப் பெட்டியையும் அந்தச் சுற்றில் சேர்க்கும்படி இப்போதே கேளுங்கள். அப்படிச் சேர்த்தால் ஜெனரேட்டர் எழும் சில நிமிடங்களுக்கு மட்டும் யூபிஎஸ் தாங்கினால் போதும்.

ஒரே பாஸ்வேர்டை அறிவித்தல் பலகையில் ஒட்டினால் என்ன?

மூன்று மாதத்தில் எதிர்க்கடைக்காரரும் பயன்படுத்துவார். படித்து முடித்துப் போனவர்களின் போனிலும் அது இருக்கும். ஒரு போன் திருட்டுப் போனால் எல்லோருக்கும் மாற்ற வேண்டும், அதனால் யாரும் மாற்றுவதில்லை.

பல்கலைக்கழக விடுதி என்றால் 802.1எக்ஸ் முறையில் ஒவ்வொரு மாணவரும் தன் பதிவு இலக்கத்தையும் தன் பாஸ்வேர்டையும் கொண்டு நுழைவதே சரி. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. 2020 டிசம்பருக்குப் பின் அன்ட்ரொய்ட் 11இலிருந்து 'சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்' என்ற தெரிவை எடுத்துவிட்டார்கள். சேர்வரின் பெயரையும் சான்றிதழையும் சரியாகக் கொடுக்காவிட்டால் போன் இணையாது. படத்தோடு ஒரு பக்க வழிகாட்டியைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தயாரித்து முதலாம் ஆண்டு மாணவர் வரும் நாளன்று கொடுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து முதல் நாளே வீட்டுக்கு அழைக்கத் தவிக்கும் பிள்ளைக்கு இது சின்ன விடயம் அல்ல.

சான்றிதழ் வேலை செய்ய ஆள் இல்லாத சிறிய விடுதிக்கு, ஒரே வைஃபை பெயரில் அறைக்கு ஒரு பாஸ்வேர்ட் தரும் வசதி பல நிறுவனங்களின் ஏபிகளில் உண்டு. அறை மாறினால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். கருவியின் மெக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) வைத்து அனுமதிக்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். அன்ட்ரொய்ட் 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் உண்மையான முகவரியை மறைத்துப் போலி முகவரியைத்தான் காட்டுகின்றன.

எடுரோம் வைக்கலாமா?

எடுரோம் என்பது பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்ளும் பொது வைஃபை. அரச பல்கலைக்கழகம் என்றால் வையுங்கள். இலங்கையில் அதை நடத்துவது லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு. கொழும்பு மாணவர் எடுரோம் உள்ள வேறு வளாகத்துக்குப் போனாலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் அதே பெயர், அதே பாஸ்வேர்ட். அதைத் தவிர விருந்தினருக்கு இன்னொரு பெயர் வைத்து அத்தோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு வைஃபை பெயரும் ஒவ்வொரு ஏபியிலிருந்தும் நொடிக்குப் பத்துத் தடவை தன்னை அறிவித்துக்கொண்டிருக்கும். மாணவர், ஊழியர், விரிவுரையாளர், விழா, பரீட்சை என்று ஏழு பெயர் வைத்தால் காற்றின் ஒரு பகுதி அறிவிப்பிலேயே போய்விடும்.

இரவு 12க்குப் பிறகு நிறுத்தலாமா? யூடியூபைத் தடுக்கலாமா?

நிறுத்தினால் எல்லோரும் போன் டேட்டாவுக்கு மாறி ஹொட்ஸ்பொட் போடுவார்கள், காலையில் பார்த்தால் உங்கள் சனல்களில் புதிய இரைச்சல்தான் மிச்சம். பாதி விரிவுரைகள் யூடியூபில்தான் இருக்கின்றன. ஆளுக்கு 2 எம்பிபிஎஸ் என்று கழுத்தை நெரிப்பதும் வேண்டாம், 15-20 கொடுங்கள். அதற்குப் பதிலாக, இணையம் விடுதிக்குள் நுழையும் ரவுட்டரில் நேர்மையாகப் பங்கிடும் வரிசை முறையை இயக்குங்கள். எஃப்கியூ-கோடல் என்ற பெயரில் பல ரவுட்டர்களில் இருக்கும். ஒருவர் பெரிய கோப்பை இறக்கும்போதும் பக்கத்து அறையின் அழைப்பு அறுபடாது. பரீட்சைக் காலத்திலும் அதே அமைப்பு போதும்.

மாணவர்கள் சொந்த ரவுட்டர் கொண்டுவருகிறார்கள். தடைசெய்ய வேண்டுமா?

4ஜி ரவுட்டரைச் சுவரில் சொருகிய ஒவ்வொருவரும் உங்கள் வைஃபை பிடிக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டவர். அறைக்குள் சிக்னல் நன்றாக வந்தால் அடுத்த தவணை ரீலோட் செய்யமாட்டார்கள். ஆனால் அறையில் கேபிள் துறை கொடுத்திருந்தால் ஒரு காவல் கட்டாயம். யாராவது வீட்டு ரவுட்டரின் பிழையான துறையில் கேபிளைச் சொருகினால் அந்த ரவுட்டர் முழு மாடிக்கும் பிழையான ஐபி முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். சுவிட்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கையும் சுழற்சித் தடுப்பையும் இயக்கிவிட்டால் அந்தத் தொல்லை அந்த ஒரு துறையோடு நிற்கும்.

யார் எதைப் பார்த்தார்கள் என்று பதிவு வைக்க வேண்டுமா?

எந்த நேரத்தில் எந்த ஐபி எந்த மாணவரிடம் இருந்தது என்பதை வையுங்கள், ஏதாவது முறைப்பாடு வந்தால் அது தேவைப்படும். என்ன பார்த்தார்கள் என்பதை வைக்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எதை, எதற்காக, எத்தனை நாளைக்கு வைக்கிறோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி மாணவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள். விடுதிப் பொறுப்பாளர் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் பட்டியலாக அது இருக்கக் கூடாது.

எங்களுடையது பத்து அறை உள்ள தனியார் விடுதி. இவ்வளவும் தேவையா?

இல்லை. ஃபைபர் பெட்டி வீட்டுக்காரரின் முன்னறையில் இருக்கும், பிள்ளைகள் மூன்றாம் மாடியில் இருப்பார்கள். வழக்கமாக நடப்பது, இடையில் ஒரு ரிப்பீட்டர் வாங்கி வைப்பது. ரிப்பீட்டர் கேட்டதையே அதே சனலில் திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகிவிடும். படிக்கட்டு ஓரமாக மாடிக்கு ஒரு கேபிளை மேலே எடுத்து, மாடிக்கு இரண்டு சாதாரண ஏபி வையுங்கள். முதலில் கொடுத்த ரவுட்டரின் வைஃபையை அணைத்துவிடுங்கள். வீட்டுக்கென்று எடுத்த பக்கேஜை வாடகையாளர்களோடு பகிர ஒப்பந்தம் இடம் தருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், வணிகப் பக்கேஜ் எடுத்தால் பழுதுபார்க்க வருவதும் விரைவு.

விலைமனுக் கோரலில் எதை எழுத வேண்டும்?

'தரமான 12 ஏபி வேண்டும்' என்று எழுதினால் 12 ஏபி கிடைக்கும், வைஃபை கிடைக்குமா என்பது வேறு. 'ஒவ்வொரு கட்டிலிலும் 5 கிகாஹெர்ட்ஸில் மைனஸ் 67 டிபிஎம்' என்று விளைவை எழுதுங்கள். தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவும் அதை வைத்து விலைமனுக்களை ஒப்பிடலாம்.

ஆண்டுச் சந்தா பற்றியும் கேளுங்கள். முதல் ஆண்டு விலையில் வராத டொலர்ச் சந்தா இரண்டாம் ஆண்டு வந்து நிற்கும். 2022இல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனதை அனுபவித்த நாடு இது. சந்தா கட்டாவிட்டாலும் ஏபி தொடர்ந்து வேலை செய்யுமா, கட்டுப்பாட்டு மென்பொருளை நம் சொந்தக் கணினியில் வைத்து நடத்தலாமா என்ற இரண்டுக்கும் 'ஆம்' சொல்பவரிடம் வாங்குங்கள். உதிரியாக இரண்டு மூன்று ஏபியையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தால் அதே மொடல் பிறகு கிடைக்காது.

வேலை முடிந்தது என்று எப்போது கையெழுத்துப் போடலாம்?

மாணவர்கள் திரும்பி வந்து இரண்டு வாரம் ஆன பின்பு. ஒரு வார நாள் இரவு பத்து மணிக்கு ஒப்பந்தக்காரரோடு ஏறி, ஒவ்வொரு மாடியிலும் கடைசி அறை, நடு அறை, குளியலறைப் பக்கத்து அறை மூன்றிலும் அலுமாரிக் கதவு மூடியபடி கட்டிலில் உட்கார்ந்து அளவிடுங்கள். நல்ல போன் ஒன்றிலும் நாலைந்து ஆண்டுப் பழைய மலிவான போன் ஒன்றிலும். வட்ஸ்அப் வீடியோ அழைப்பை எடுத்துக்கொண்டே மாடிப்படி இறங்குங்கள், எந்தப் படியில் உறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஏபி எந்த அறையில், எந்தச் சுவிட்சின் எந்தத் துறையில் என்ற வரைபடமும் நிர்வாகி பாஸ்வேர்டும் உங்கள் கைக்கு வராமல் கடைசித் தவணைப் பணத்தை விடுவிக்காதீர்கள்.